பசங்களுக்கு இரக்கம் குறைவில்லை

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஈவிரக்கமே கிடையாது சார், எல்லாம் செல்போன் பண்ற வேலை." கடலூர் மஞ்சக்குப்பத்து டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், புதுச்சேரியில் ஏதாவது ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும் கேட்கலாம். சொல்கிறவர் கையில் ஆதாரமும் இருக்கும். பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் பெண் பக்கத்தில் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்ட மாணவி. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரரை 'வடக்கன்' என்று கேலி செய்யும் மீமை நாலு குழுவுக்கு அனுப்பிய பையன்.

ஆனால் அந்தப் பையனேதான் வண்டியில் அடிபட்ட தெருநாய்க் குட்டியைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனாக இருப்பான். அப்படியென்றால் அவனுக்கு இரக்கம் இருக்கிறதா, இல்லையா?

இரண்டு பக்கமும் வாதாடலாம். காரணம், இரக்கம் என்ற ஒரே பெயரில் நாம் மூன்று நான்கு விஷயங்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். உளவியலில் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பிரித்துவிட்டால், வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களைப் பற்றிப் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள், எது அதை மாற்றுகிறது, நாம் நல்லது என்று நினைத்துச் செய்யும் எது அதை மோசமாக்குகிறது என்பதெல்லாம் கொஞ்சம் பிடிபடும்.

மிளகாய் வறுக்கும் நெடி

பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள். நாம் எதையும் யோசிப்பதற்கு முன்பே தும்மல் வந்துவிடுகிறது. அடுத்தவர் வேதனை நம்மைத் தொடுவதும் முதலில் இப்படித்தான். ஒரு கைக்குழந்தை வீறிட்டால் பக்கத்துக் குழந்தையும் அழத் தொடங்கும். இதற்கு உணர்வுத் தொற்று என்று பெயர். இதில் நம் குணத்துக்குப் பெரிய பங்கு ஒன்றும் இல்லை, தும்மலில் என்ன பெருமை?

தும்மிய பிறகுதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். ஒருவர் எழுந்து சன்னலைச் சாத்துவார். அவருக்கு அவர் மூக்கு எரிச்சல் தீர வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொந்தத் தவிப்பு என்கிறோம். பிறர் துன்பத்தைப் பார்த்து நமக்கு வரும் அசௌகரியம் அது. பேருந்து நிலையத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் பாதி இந்த வகைதான்.

இன்னொருவர், "வருசத்துக்கு மிளகாய்ப்பொடி அரைக்கிறாங்க போல, அடுத்த வாரம் ஊர்லேருந்து மக வருதில்ல" என்று கணக்குப் போடுவார். அந்த வீட்டில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அவர்கள் இடத்திலிருந்து யோசிக்கிறார். இது பிறர் நோக்கில் பார்த்தல். மூன்றாமவர் சுவரோரம் போய், "என்னக்கா, தனியாவா நின்னு வறுக்கறீங்க, நான் கொஞ்ச நேரம் கிளறட்டுமா?" என்பார். அவர் கவனம் தன் மூக்கிலிருந்து அந்த அக்காவுக்குப் போய்விட்டது. இது பரிவு.

மார்க் டேவிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் 28 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். இன்றும் ஆய்வாளர்கள் அதிகம் எடுத்துக்கொள்வது அதைத்தான். அதில் இந்த மூன்றும் தனித்தனியாக அளக்கப்படுகின்றன. கதையில் வரும் ஆட்களோடு ஒன்றிப்போகும் திறன் நான்காவதாக இருக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒத்துணர்வு என்று சொல்கிறோம்.

இந்தக் கூறுகள் எப்போதும் ஒன்றாகவே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வகுப்பில் ஒரு பையனைத் திட்டமிட்டு அழவைக்கும் மாணவனுக்குப் பிறர் நோக்கில் பார்க்கும் திறன் நன்றாகவே இருக்கும். எந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று துல்லியமாகத் தெரிந்தவன் அவன். பரிவுதான் அங்கே இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேதனை தொற்றுவது தானாக நடப்பது. அது விலகி ஓடும் தவிப்பாகவும் போகலாம், நெருங்கி வரும் பரிவாகவும் ஆகலாம். புரிந்துகொள்ளும் திறன் இரண்டிலிருந்தும் தனி.

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை

நெதர்லாந்தில் ஒரே பிள்ளைகளை 13 வயதிலிருந்து 18 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. பெண் பிள்ளைகளுக்குப் பிறர் நோக்கில் பார்க்கும் திறன் 13 வயதிலிருந்தே ஏறிக்கொண்டே போனது. பையன்களுக்கு அது 15 வாக்கில்தான் ஏறத் தொடங்கியது. பையன்களின் பரிவோ 13க்கும் 16க்கும் இடையில் கொஞ்சம் இறங்கி, அப்புறம் மீண்டது. வயதுக் கணக்கு ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன்களோடு பழகிய எந்த ஆசிரியரும் இதைப் படித்தால் தலையாட்டுவார். "ஏழாவதுல நல்ல பையனா இருந்தான்" என்ற புலம்பல் அந்த வயதில்தான் வரும், பெரும்பாலும் கடந்தும் போகும்.

இந்த வயதில் இன்னொன்றும் உண்டு. நம்ம செட்டு, அவங்க செட்டு என்று கோடு போட்டுக்கொள்வது. 1970 வாக்கில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களில் யாருடைய படங்கள் பிடிக்கும் என்பது போன்ற ஒன்றுமில்லாத காரணத்தைச் சொல்லி அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். அடுத்தவன் யார் என்று எவனுக்கும் தெரியாது, குழு என்ற பெயர் மட்டும்தான். பிறகு மற்ற பையன்களுக்குக் காசைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார். பையன்கள் தங்கள் குழு ஆளுக்கு அதிகம் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவை விட முன்னால் இருந்தால் போதும் என்கிற அளவுக்கும் போனார்கள்.

ஓவியத்தை வைத்தே இவ்வளவு என்றால், பிறந்த தெரு, சாதி, பேசும் மொழி, தோல் நிறம் என்று பிரித்துக் காட்டும் ஊரில் வளரும் பிள்ளைக்கு எவ்வளவு இருக்கும்! கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் வேதனை சட்டென்று தொற்றுகிறது. அந்தப் பக்கம் இருப்பவரின் வேதனைக்குச் சன்னல் ஏற்கெனவே சாத்தியிருக்கிறது. நாய்க்குட்டி எந்தக் கோட்டிலும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒருவர் மேல் வந்த பரிவு எல்லார் மேலும் பரவுமா?

ஒரு மனிதரைப் பற்றிய உணர்வு வேறு, அவர் சார்ந்த மக்கள் மொத்தத்தையும் பற்றி நாம் மனதில் வைத்திருக்கும் மதிப்பீடு வேறு. பின்னதை மனப்பான்மை என்கிறோம். "எங்க வீட்டுக்கு வர்ற அண்ணன் நல்லவர்தான், ஆனா அவங்க ஆளுங்க பொதுவா..." என்று இழுப்பவர்களிடம் முன்னது இருக்கிறது, பின்னது மாறவில்லை.

ஒன்று மற்றொன்றாக மாறுமா என்பதை 1997இல் டேனியல் பேட்சன் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் சோதித்தார்கள். எய்ட்ஸ் வந்த ஓர் இளம்பெண், வீடற்ற ஒருவர், கொலைக்குத் தண்டனை பெற்ற ஒருவர் ஆகியோரின் பேச்சைத் தனித்தனியாகக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேரிடம் "உணர்ச்சிவசப்படாமல் விலகி நின்று கேளுங்கள்" என்றார்கள், மீதிப் பேரிடம் "இவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து கேளுங்கள்" என்றார்கள். கற்பனை செய்து கேட்டவர்களுக்கு அந்த ஒருவர் மேல் மட்டுமல்ல, எய்ட்ஸ் நோயாளிகள், வீடற்றவர்கள் எல்லாரையும் பற்றிய எண்ணமே மேம்பட்டது. கொலைக் கைதி விஷயத்தில் அன்றைக்குப் பெரிதாக மாற்றம் தெரியவில்லை. ஓரிரு வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாதது போல் தொலைபேசியில் கேட்டபோது அங்கும் மாற்றம் தெரிந்தது. பாடம் நடத்திய அன்றே பிள்ளையிடம் "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டு, அவன் தோளைக் குலுக்கினான் என்பதற்காகச் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

ஆக, பரவும். ஆனால் தானாகப் பரவாது. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

"அவங்க அப்படித்தான் சார்"

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என் தோழி சொன்னது. அவர் வகுப்பில் இருளர் என்ற பழங்குடிச் சமூகத்துப் பையன் ஒருவன். தை பிறந்தால் பெற்றோர் செங்கல் சூளைக்குப் போவார்கள், அவனும் கூடப் போவான், வகுப்பில் அவன் இடம் காலியாகிவிடும். ஏன் வரவில்லை என்று மற்ற பிள்ளைகளைக் கேட்டால், "அவனுக்குப் படிப்பு ஏறாது மிஸ்", "அவங்க வீட்டுல அக்கறை இல்ல மிஸ்", "எல்லாம் ஃப்ரீயா குடுத்தும் வரமாட்டான்". அவன் மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. விளையாடக் கூப்பிடுவார்கள், சாப்பாட்டில் பங்கு கொடுப்பார்கள். ஆனால் காரணம் கேட்டால் எல்லா விரலும் அவன் குணத்தைத்தான் காட்டின.

நான் பள்ளிக்குத் தாமதமாகப் போனால் பஸ் வரவில்லை, நீ தாமதமாக வந்தால் நீ சோம்பேறி. மனிதர்கள் எல்லாரும் செய்யும் பிழை இது. தன் நிலைமைக்குச் சூழலையும் அடுத்தவர் நிலைமைக்குக் குணத்தையும் காரணமாக்குவது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்றால் பிழை இரட்டிப்பாகும். குணம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால் பரிவுக்கு வேலையே இல்லாமல் போகிறது. "அவனே வரவழைச்சுக்கிட்டது" என்ற வாசலில் வந்து நின்றுவிடும்.

இதை இன்னும் கெட்டிப்படுத்துவது நியாய உலக நம்பிக்கை. நல்லவர்களுக்கு நல்லதும் கெட்டவர்களுக்குக் கெட்டதும்தான் நடக்கும் என்ற நினைப்பு. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம் இது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். இதை முதலில் ஆராய்ந்தவர் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர். 1966இல் வெளியான ஆய்வில், ஒரு பெண் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி வாங்குவதைப் பலர் பார்க்கும்படி செய்தார். அதிர்ச்சி நிஜமில்லை, நடிப்பு. பார்த்தவர்கள் முதலில் வருந்தினார்கள். இந்தத் துன்பம் தொடரப்போகிறது, தங்களால் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் பலர் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். அவளை விடுவிக்க வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் இந்த மட்டம்தட்டல் குறைவாக இருந்தது.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிய செய்தி. பிள்ளைகளிடம் உலகத்துத் துயரத்தையெல்லாம் காணொளியாகக் காட்டிவிட்டு, அவர்களால் செய்யக்கூடியது எதையும் காட்டாமல் அனுப்பினால், அந்தத் தவிப்பைச் சமாளிக்க மனம் கண்டுபிடிக்கும் குறுக்குவழி பாதிக்கப்பட்டவரைப் பழிப்பதாகவும் இருக்கலாம்.

சரி, தோழி என்ன செய்தார்? அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அரசுச் சலுகை பெறத் தேவைப்படும் சாதிச் சான்றிதழை வாங்க என்னென்ன வேண்டும் என்று பிள்ளைகளையே விசாரித்து வரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் வீட்டில் அப்பாவின் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் பீரோவுக்குள் இருக்கிறது. அதைக் காட்டினால் பிள்ளைக்கும் கிடைத்துவிடுகிறது. அந்தப் பையனின் அப்பாவோ தாத்தாவோ பள்ளிக்கே போனதில்லை, காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. தமிழ்நாட்டில் மற்ற பல சமூகங்களுக்கு வட்டாட்சியர் மட்டத்திலேயே வேலை முடிகிறது, பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். ஒவ்வொரு முறை போவதும் ஒரு நாள் கூலி. ஒரு பெண் பிள்ளை நோட்டில் எழுதி வந்ததைத் தோழி எனக்குக் காட்டினார்: "விஏஓ, ஆர்ஐ, தாசில்தார், ஆர்டிஓ. நாலு ஆபீஸ். சூளையில லீவு கேட்டா அட்வான்ஸ் கழிப்பாங்களாம்."

இதில் எல்லைக்கோட்டு வேடிக்கையும் உண்டு. இருளர்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே இருளர்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டது 2016இல்தான். அதுவரை அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமும் இருந்தால், அண்ணன் பிள்ளைக்கு இருந்த உரிமை தம்பி பிள்ளைக்கு இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் குணம் ஒன்றேதான். இந்த ஒரு தகவலை மட்டும் வகுப்பில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், விவாதம் தானே நடக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் மேல் வரும் பரிவு அவர் கூட்டத்துக்கு நகர வேண்டுமானால், அவர்கள் நிலைமைக்குக் காரணம் என்னவென்று பிள்ளை கொடுக்கும் விளக்கம் மாற வேண்டும். உணர்ச்சியைக் கிளறுவது மட்டும் போதாது.

கண்ணைக் கட்டிவிட்டால் புரிந்துவிடுமா?

பள்ளிகளில் நடக்கும் ஒரு பயிற்சி: மாணவர் கண்ணைக் கட்டிப் பத்து நிமிடம் நடக்கவிடுவது. பார்வையற்றவர் கஷ்டம் புரியட்டும் என்று. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதில் உள்ள கோளாறைக் காட்டியது. கண்ணைக் கட்டி நடந்தவர்கள், பார்வையற்றவர்களால் தனியாக வாழவும் வேலை பார்க்கவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாக நம்பினார்கள். நியாயம்தானே? பத்து நிமிடத்தில் அவர்கள் கண்டது திடீரென்று பார்வை போனவரின் திகைப்பு. வருடக்கணக்கில் கைத்தடியோடு பழகிப் பேருந்து ஏறி வேலைக்குப் போய்வருபவரின் வாழ்க்கை அதில் எங்கே இருக்கிறது?

"அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்ற அறிவுரைக்கும் இதே குறைதான். அவர் இடத்தில் நம்மை வைத்தால் அங்கே தெரிவது நாம்தான். பிறர் மனதை ஊகிப்பது பற்றி 25 சோதனைகள் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், கற்பனையால் ஊகம் துல்லியமாவதில்லை என்று கண்டார்கள். சம்பந்தப்பட்டவரையே கேட்டபோதுதான் துல்லியம் கூடியது. இதற்கு ஆய்வே வேண்டாம், 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி லாரியாக வந்த பழைய துணி மூட்டைகள் எடுப்பாரில்லாமல் சாலையோரம் கிடந்தன. அனுப்பியவர்களின் பரிவில் குறையில்லை. படகும் வலையும் போன மீனவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டவர்கள்தான் குறைவு.

பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் போய்ச் சாப்பாடு போடுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். செய்வது தவறு என்று சொல்ல மாட்டேன், பசித்தவருக்குச் சோறு சோறுதான். ஆனால் கொடுக்கும் கை எப்போதும் என் பிள்ளையுடையது, வாங்கும் கை எப்போதும் அவர்களுடையது என்றால், அங்கே பிள்ளை கற்றுக்கொண்டு வருவது அந்த ஏற்பாட்டைத்தான். கூடவே படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

எந்த அணியில் ஆடுகிறார்கள்?

வெவ்வேறு மக்கள் பழகினால் வெறுப்பு குறையும் என்பது பொதுவாகச் சொல்வது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே இதற்கு நிபந்தனைகளை எழுதிவைத்தார். பழகும் இடத்தில் இருவருக்கும் சமமான நிலை, இருவருக்கும் ஒரே இலக்கு, சேர்ந்து உழைத்தால்தான் நடக்கும் என்ற கட்டாயம், மேலே உள்ளவர்களின் ஆதரவு. இதற்குத் தொடர்புக் கருதுகோள் என்று பெயர். 2006இல் பெட்டிகுரூ, டிராப் இருவரும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பழக்கம் பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது என்று தெரிந்தது. நான்கு நிபந்தனையும் இல்லாவிட்டாலும் ஓரளவு பலன் உண்டு, இருந்தால் பலன் கூடுதல். எப்படிக் குறைகிறது என்று அவர்களே பிறகு ஆராய்ந்தார்கள். அந்த மக்களைப் பற்றிய தகவல் கூடுவதால் வரும் பலன் சிறியது. அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது வரும் பதற்றம் குறைவதும் ஒத்துணர்வு கூடுவதும்தான் பெரிய பங்கு.

நம் நாட்டிலேயே இரண்டு நல்ல சான்றுகள் இருக்கின்றன. டெல்லியில் 2007இலிருந்து பல தனியார் பள்ளிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டி வந்தது. அப்படிச் சேர்ந்து படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் தாராளமாகப் பகிர்ந்தார்கள் என்றும், தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கும்போது வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்குவது குறைந்தது என்றும் பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் 2019இல் எழுதினார். ஆங்கில மதிப்பெண் மட்டும் சற்றுக் குறைந்தது, இந்தியிலும் கணக்கிலும் பாதிப்பு இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள்.

இரண்டாவது, கிரிக்கெட். உத்தரப் பிரதேசத்தில் 14 முதல் 30 வயது வரையுள்ள சுமார் 1,260 பேரை வைத்து மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஆய்வு, 2021இல் வெளியானது. சிலரைப் பல சாதியும் கலந்த அணியில் போட்டார், சிலரை ஒரே சாதி அணியில் போட்டார், யார் எதில் என்பது குலுக்கலில். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் வேறு சாதி நட்புக் கூடியது. வேறு சாதிக்காரரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை, சில அளவுகோல்களில் நிலைமை பின்னோக்கிப் போனது.

இதைப் படித்ததும் நம் பொங்கல் டோர்னமென்ட்தான் நினைவுக்கு வந்தது. ஊர் டீம் ஒன்று, காலனி டீம் ஒன்று, குப்பத்து டீம் ஒன்று. தெருவாரியாகப் பிரித்து, தெருப் பெயரையே பனியனில் அச்சடித்து, எதிரெதிரே நிறுத்துகிறோம். அம்பயர் ஒரு எல்பிடபிள்யூ தவறாகக் கொடுத்தால் போதும், மாலைக்குள் காவல்துறை வண்டி வந்து நிற்கும். பசங்கள் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நாம் திருப்திப்படுகிறோம். உண்மையில் அவர்கள் எதிர்த்து விளையாடுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இனிமையாகப் பழகினால், கீழே தள்ளப்பட்டவர்களே "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று நினைக்கத் தொடங்கி, நியாயம் கேட்பதைக் குறைத்துக்கொள்ளக்கூடும் என்று 2009இல் சில ஆய்வாளர்கள் காட்டினார்கள். சேர்ந்து பந்து போட்டதால் சாதிச் சான்றிதழ் வீடு தேடி வந்துவிடாது. நட்பு ஒரு வேலை, நாலு ஆபீஸை ஒன்றாக்கும் வேலை வேறு.

அடுத்த பொங்கலுக்கு யாராவது முயல்வதானால், பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு அணி பிரித்துப் பாருங்கள். முதல் நாள் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். கேப்டனையும் ஆட்டத்துக்கு ஆட்டம் சுழற்சியில் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அணி கலந்த பிறகும் மேலத்தெருப் பையன் பேட் பிடிப்பான், காலனிப் பையன் பவுண்டரியில் நின்று பந்து பொறுக்குவான். ஆல்போர்ட் சொன்ன சமமான நிலை அங்கேயே போய்விடும்.